சாக் பெயின்ட் பூசிய சமையலறையும் பழைய தேக்கு அலமாரியும்: திருச்சி வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருச்சி தில்லைநகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. கணவன், மனைவி, கணவரின் தாயார், இரண்டு வயதுக் குழந்தை என நான்கு பேர் இருக்கும் வீடு. சமையலறைக் கப்போர்டுகள் சுமார் 15 ஆண்டுகளுக்கு முன்பு செய்தவை. பிளைவுட்டின் மேல் மரநிற மைக்கா ஒட்டியிருந்தார்கள். பலகைகள் பெரும்பாலும் உறுதியாகவே இருந்தன, ஆனால் நிறம் மங்கி, அடுப்பைச் சுற்றிப் பழுப்பேறி, பார்க்கவே சோர்வாக இருந்தது. மாடுலர் கிச்சனாக மாற்ற விலை கேட்டிருக்கிறார்கள், கட்டுப்படியாகவில்லை.

இன்னொரு பொருள், மாமியார் கல்யாணச் சீராகக் கொண்டுவந்த தேக்கு அலமாரி. 1980-களில் யாரோ அதற்குப் பச்சை எனாமல் அடித்துவிட்டார்கள். உள்பக்கம் மட்டும் இன்னும் வெறும் தேக்காகவே இருந்தது. வெளிப்புறத்தில் எனாமல் அங்கங்கே உரிந்து மரம் தெரிந்தது.

பழைய மரச்சாமான்களைப் புதுப்பித்துத் தரும் வேலை எனக்கு. இந்த வீட்டுக்கு நான் போனது, அவர்களாகவே ஒருமுறை பெயின்ட் அடித்து அது கெட்டுப்போன பிறகுதான். அதற்கு முன் நடந்தவற்றை அந்தக் குடும்பத்தினர் சொன்னபடியும், அவர்கள் எடுத்துவைத்திருந்த படங்களைப் பார்த்தும் எழுதியிருக்கிறேன்.

மார்கழியில் நடந்த முதல் வேலை

பொங்கலுக்குள் வீட்டைப் புதுசாக்கிவிட வேண்டும் என்று மார்கழியில் வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள். தேய்க்க வேண்டாம், பிரைமர் என்னும் அடிப்பூச்சு வேண்டாம், நேராகப் பூசலாம் என்று வீடியோக்களில் பார்த்த சாக் பெயின்ட்தான் அவர்கள் தேர்வு.

1990-ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் ஆனி ஸ்லோன் என்பவர் மரச்சாமான்களுக்காக உருவாக்கிய பெயின்டின் பெயர் இது. இப்போது அதே பாணியில் பல நிறுவனங்கள் செய்கின்றன. வீட்டிலேயே கலக்கிக்கொள்கிறவர்களும் உண்டு. பளபளப்பே இல்லாத, சுண்ணாம்பு பூசியது போன்ற மென்மையான தோற்றம் இதன் அழகு. பள்ளிக்கூடத்துக் கரும்பலகைக்கு அடிக்கும் பெயின்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கடையில் கேட்டால் சில இடங்களில் அதை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள், பார்த்து வாங்க வேண்டும்.

அலமாரிக்குக் கடையில் வாங்கிய சாக் பெயின்ட் ஒரு டப்பா. சமையலறைக்கு அது போதாது என்று, சுவருக்கு அடித்து மீந்திருந்த கிரீம் நிற எமல்ஷனில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கலந்து தாங்களே தயாரித்திருக்கிறார்கள். கப்போர்டுகளை ஈரத்துணியால் துடைத்துவிட்டு இரண்டு கோட்டு. காய்ந்த பின் மேலே மெழுகு தேய்த்துத் துணியால் மெருகேற்றியிருக்கிறார்கள்.

பொங்கலன்று எடுத்த படத்தில் சமையலறை உண்மையிலேயே அழகாக இருந்தது. இதைச் சொல்லக் காரணம் உண்டு. அடித்த முதல் மாதத்தில் சரியான வேலைக்கும் தவறான வேலைக்கும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

கத்திரி வெயிலில் வெளிப்பட்டவை

பங்குனி முடிவதற்குள் கைப்பிடிகளைச் சுற்றிக் கருப்பாகப் பிசுக்கு ஏறியது. அடுப்பின் இருபக்கமும் எண்ணெய் தெறித்த இடங்களில் புள்ளி புள்ளியாகக் கறை. மஞ்சள் பட்ட கை ஒருமுறை தொட்டாலும் போகவில்லை. சித்திரையில் வெயில் ஏற ஏற, அடுப்புப் பக்கத்துக் கதவுகளில் விரல் வைத்தால் ஒட்டியது. கத்திரி நாட்களில் ஒரு கதவின் மூலை பிய்ந்து, பெயின்ட் தோலாக உரிந்து வந்தது.

அலமாரியில் நடந்தது வேறு. அதன் பக்கவாட்டில், முன்பே எனாமல் உரிந்து மரம் தெரிந்த இடங்களில், வெள்ளைப் பெயின்டின் மேல் டீ கொட்டியது போலப் பழுப்புத் திட்டுகள் எழுந்தன. அதன்மேல் இன்னொரு கோட்டு, அப்புறம் இன்னொன்று அடித்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் காய்ந்ததும் கறை மறுபடி மேலே வந்துவிட்டது. வைகாசியில் என்னைக் கூப்பிட்டார்கள்.

நேரில் பார்த்தபோது

ஒரு வேலை கெட்டுப்போனால் எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கத்தான் கை பரபரக்கும். எது பிடித்திருக்கிறது, எது பிடிக்கவில்லை என்று கதவு கதவாகப் பார்க்காமல் அதைச் செய்யக்கூடாது.

பார்க்கும் முறை எளிது. பிளேடால் குறுக்கும் நெடுக்குமாக நெருக்கமாகக் கட்டம் கீறி, அதன்மேல் செலோடேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் பக்கத்துக் கதவுகளிலும் பரண் கதவுகளிலும் டேப்பில் ஒரு துணுக்குகூட வரவில்லை. அடுப்புப் பக்கத்துக் கதவில் கட்டம் முழுவதும் டேப்போடு வந்துவிட்டது. உரிந்த பெயின்டைத் திருப்பிப் பார்த்தேன். அதன் உள்பக்கம் மஞ்சளாக, லேசாகப் பிசுபிசுத்தது. வருஷக்கணக்காகத் தாளித்த எண்ணெய்ப் புகை மைக்காவின் மேல் படிந்து இறுகிய படலம் அது. ஈரத்துணிக்கு அது அசையாது. பெயின்ட் பிடித்திருந்தது அந்த எண்ணெயை, மைக்காவை அல்ல.

ஆக, தேய்க்காமலே பிடிக்கும் என்பதில் பொய் இல்லை. பரண் கதவே அதற்குச் சாட்சி. அது சுத்தமான பரப்புக்குச் சொன்ன பேச்சு. நம் சமையலறையில் அடுப்பைச் சுற்றி அப்படியொரு பரப்பு தானாக இருக்காது.

கைப்பிடிக் கறைக்குக் காரணம் பெயின்டின் அமைப்பிலேயே இருக்கிறது. எந்தப் பெயின்டிலும் பொடியும் உண்டு, அந்தப் பொடியைக் கட்டிவைக்கும் பசையும் உண்டு. பளபளப்பான எனாமலில் பசை மிகுதி. பொடிகள் அதற்குள் முழுகியிருக்கும். சாக் பெயின்டில் பொடி மிகுதி, பசை குறைவு. பொடிகளுக்கிடையில் நுண்ணிய துளைகள் நிற்கும். மங்கலான தோற்றம் அதனால்தான், எண்ணெயை உறிஞ்சுவதும் அதனால்தான். சுண்ணாம்பு அடித்த சுவரில் தாத்தா தலைசாய்த்த இடத்தில் எண்ணெய்க் கறை இறங்கி நிற்குமே, அதே கதை. வீட்டில் கலக்கியதில் பொடி இன்னும் அதிகம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் தண்ணீர் பட்டதும் இறுகத் தொடங்கிவிடும் என்பதால் சிறு கட்டிகளும் இருந்தன. கையால் தடவினால் நரநரவென்றது.

மெழுகு இந்தத் துளைகளை அடைக்கத்தான். அலமாரி, மேசை, கண்ணாடிச் சட்டம் போன்றவற்றுக்கு அது நல்ல பூச்சு. ஆனால் எண்ணெயில் மெழுகு கரையும், சூட்டில் இளகும். அடுப்படிக்கு அது தாங்காது.

சிங்க்குக்குக் கீழே இருந்த கதவின் அடி விளிம்பு தண்ணீரில் ஊறி உப்பியிருந்தது. பிளைவுட்டின் அடுக்குகளே பிரிந்துவிட்டன. எந்தப் பெயின்டும் அதைச் சரிசெய்யாது.

அலமாரியின் பழுப்புத் திட்டுகளைப் பார்த்ததுமே காரணம் தெரிந்தது. "மரம் கறை கக்குது" என்று பெயின்டர்கள் சொல்வது இதைத்தான். தேக்கு, ஈட்டி போன்ற மரங்களில் இயல்பாக உள்ள நிறச்சத்துகளில் ஒரு பகுதி தண்ணீரில் கரையக்கூடியது. சாக் பெயின்ட் தண்ணீரில் கலந்த பெயின்ட். புதிதாக ஒரு கோட்டு அடிக்கும்போதெல்லாம் அந்த ஈரம் மரத்தின் கறையை மேலே இழுத்து வருகிறது. எத்தனை கோட்டு அடித்தாலும் தீராது.

பச்சை எனாமல் எழுப்பிய கேள்வி

அலமாரியைப் பற்றி மாமியாரின் விருப்பம் வேறாக இருந்தது. "அந்தப் பச்சைய சுரண்டி எடுத்துட்டு மரத்தக் காட்டுங்க தம்பி, எனக்கு அது போதும்" என்றார். நியாயமான ஆசை. நானும் நல்ல தேக்கை மூடுவதை விரும்பாதவன்தான். ஆனால் இந்த வீட்டில் அதைச் செய்யக்கூடாது என்று சொன்னேன். காரணம், குழந்தை.

பழைய எனாமல் பெயின்டுகளில் நிறத்துக்கும் சீக்கிரம் காய்வதற்கும் ஈயச் சேர்மங்களைக் கலப்பது வழக்கமாக இருந்தது. வீட்டுப் பெயின்டுகளில் ஈயம் 90 பி.பி.எம்-ஐ (பத்து லட்சம் பங்கில் 90 பங்கை) தாண்டக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2016-ல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. 1980-களில் அடித்த பச்சையில் ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு வேலை செய்வதே சரி. சிறு குழந்தையின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். இந்த அளவுவரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது. உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூசி தரையில் படியும். குழந்தை தவழ்ந்து விளையாடி, கையை வாயில் வைக்கும். ஹீட் கன் வைத்துச் சூடாக்கி எடுப்பது அதைவிட மோசம், புகையாக மூச்சில் போகும்.

தேய்க்காமல் பூசலாம் என்ற குணம் உண்மையாகவே விலைமதிப்பு பெறும் இடம் இதுதான் என்பது என் கருத்து. சோம்பலுக்கு உதவுகிறது என்பதற்காக அல்ல. தூசி கிளப்பாமல் பழைய பூச்சை அப்படியே உள்ளே அடைத்து வைக்க முடிகிறது என்பதற்காக.

மருமகளும் கணவரும் உடனே ஒத்துக்கொண்டார்கள். மாமியாருக்கு மனம் ஆறவில்லை. அலமாரியைத் திறந்து, உள்பக்கத் தட்டுகளையும் கதவின் உட்புறத்தையும் துடைத்து ஓர் ஓரத்தில் எண்ணெய் தடவிக் காட்டினேன். வரிகள் அப்படியே எழுந்து வந்தன. வெளியே பெயின்ட், உள்ளே வெறும் தேக்கு என்று முடிவானது. அவரும் சரி என்றார்.

எடுத்த முடிவுகள்

நன்றாகப் பிடித்திருந்த ஃப்ரிட்ஜ் பக்கக் கதவுகளையும் பரண் கதவுகளையும் உரிக்க வேண்டாம். மேலே இருக்கும் மெழுகை மட்டும் எடுத்துவிட்டு, தண்ணீரில் கலக்கும் பாலியூரித்தேன் கிளியர் கோட், அதாவது நிறமில்லாத காப்புப் பூச்சு, போட வேண்டும். மெழுகு மிச்சமிருந்தால் அந்தக் கிளியர் கோட் பிடிக்காது. தின்னரில் கரையும் பாலியூரித்தேன் இன்னும் கடினமானதுதான், ஆனால் நாளாக ஆக மஞ்சளாகும். கிரீம் நிறத்தின் மேல் அது உடனே தெரியும் என்பதால் தவிர்த்தோம்.

அடுப்புப் பக்கத்துக் கதவுகளை முழுதாக உரித்து மைக்காவரை போக வேண்டும். அடுப்பை ஒட்டியிருந்த பக்கப் பலகைக்கு எந்தப் பெயின்டும் வேண்டாம், எவர்சில்வர் தகடு அடித்துவிடலாம் என்றேன். நிறம் பொருந்தாதே என்று மருமகள் தயங்கினார். அடுத்த கத்திரியில் அங்கே பெயின்ட் நிற்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது என்றதும் சம்மதித்தார். சிங்க் கதவை ஆசாரியிடம் புதிதாகச் செய்யச் சொன்னோம்.

எப்போது செய்வது என்பதும் ஒரு முடிவுதான். ஆடியில் திருச்சிக் காற்றைச் சொல்ல வேண்டியதில்லை, ஈரப் பெயின்டில் மண் வந்து படியும். ஐப்பசியில் மழை ஈரம், காய்வது தாமதமாகும். இரண்டுக்கும் இடையில் ஆவணியை வைத்துக்கொண்டோம்.

வேலை நடந்த விதம்

குழந்தையும் பாட்டியும் நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டார்கள். சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்துவைத்த பிறகே டர்பன்டைன் டப்பாவைத் திறந்தோம். அதன் ஆவி தீப்பிடிக்கக்கூடியது. கதவுகளைக் கழற்றி, ஒவ்வொன்றின் பின்னாலும் எண் எழுதிய டேப்பை ஒட்டி, அதன் கீல், திருகு எல்லாவற்றையும் அதே எண்ணிட்ட கவரில் போட்டோம். கீல் இருக்கும் இடத்திலேயே இருக்க, சுற்றி பிரஷ் ஓட்டும் வேலை எவ்வளவு கவனமாகச் செய்தாலும் நன்றாக வராது.

அதிக நேரத்தைத் தின்றது மெழுகை எடுக்கும் வேலை. டர்பன்டைனில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும், துணியை அடிக்கடி மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் கரைந்த மெழுகையே மறுபடி பூசிக்கொண்டிருப்போம். முடிந்ததா என்று பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். மெழுகு இருந்தால் சொட்டு உருண்டு முத்தாக நிற்கும். போய்விட்டால் பரவி உள்ளே இறங்கி, பெயின்ட் அந்த இடத்தில் கொஞ்சம் கருக்கும். ஒவ்வொரு கதவிலும் நான்கு மூலையிலும் நடுவிலும் இப்படிப் பார்த்தோம். கைப்பிடி இடங்களில் சொட்டு நின்றுகொண்டே இருந்தது. அங்கே மெழுகோடு எண்ணெயும் இறங்கியிருந்ததால், திட்டுத் திட்டாகச் சுரண்டிவிட்டு மறுபடி பெயின்ட் வைத்தோம். அழுக்குத் துணிகளைக் குவித்து வைக்காமல் தண்ணீர் வாளியில் போட்டோம்.

அடுப்புப் பக்கத்துக் கதவுகளில் பழைய பெயின்ட் பிளாஸ்டிக் தகட்டுக்கே எழும்பி வந்தது. பிறகு சலவைச் சோடா கரைத்த வெந்நீர், கையில் ரப்பர் கையுறை. முதல் துடைப்பில் துணி டிகாக்ஷன் நிறத்துக்கு மாறியது. துணி வெள்ளையாகவே திரும்பும்வரை துடைத்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவினோம். சோடா மிச்சமிருந்தாலும் பெயின்ட் பிடிக்காது. காய்ந்ததும் 220 நம்பர் வாட்டர் பேப்பரால் மைக்காவின் பளபளப்பை மட்டும் மட்டுப்படுத்தி, வழவழப்பான பரப்பிலும் பிடிக்கும் பிரைமர் ஒரு கோட்டு. மைக்காவுக்குப் பிரைமர் வேண்டாம் என்று பலர் சொல்வார்கள். அடுப்படிக்கு நான் அதை ஏற்பதில்லை.

அதன்மேல் கடைச் சாக் பெயின்ட் இரண்டு கோட்டு. நம் ஊர்ச் சூட்டில் இது மிகச் சீக்கிரம் காயும். பிரஷ் இழுபட்டு வரி வரியாக நின்றுவிடும். பிரஷ்ஷை லேசாக ஈரப்படுத்திக்கொண்டு, பெயின்டில் சிறிது தண்ணீர் சேர்த்து, மின்விசிறியை அணைத்துவிட்டு அடித்தோம். போன இடத்துக்குத் திரும்பப் போகக்கூடாது. கடைசியாகக் கிளியர் கோட் மூன்று முறை, மெல்லியதாக. பளபளப்பு வேண்டாம் என்றதால் மேட் வகை.

அலமாரியில் உலர்வாகத் தேய்ப்பு எதுவும் இல்லை. தளர்ந்திருந்த எனாமல் செதில்களைத் தண்ணீர் தெளித்து ஈரமாகவே எடுத்து, கவரில் கட்டினோம். தரையில் விரித்த பிளாஸ்டிக் தாளையும் அதோடு சுருட்டினோம். மார்கழியில் பூசிய மெழுகைத் துடைத்தெடுத்துவிட்டு, கறை கக்கிய இடங்களில் மெழுகு நீக்கிய ஷெல்லாக் இரண்டு கோட்டு. ஆசாரிகள் பாலிஷுக்குக் கலக்கும் அதே அரக்குதான், ஸ்பிரிட்டில் கரைத்தது. தண்ணீர் இல்லாததால் அது மரத்தின் கறையை மேலே இழுப்பதில்லை, காய்ந்ததும் கறைக்கு வழியை அடைத்துவிடுகிறது. அதன்மேல் சாக் பெயின்ட், மேலே மெல்லிய மெழுகு. கதவு சட்டத்தில் உராயும் விளிம்புகளில் மட்டும் மெழுகுக்குப் பதில் கிளியர் கோட். அங்கே பெயின்ட் தேய்ந்தால் அடியில் இருக்கும் பச்சை பொடியாக உதிரும்.

பிறகு

கிளியர் கோட் தொட்டால் காய்ந்தது போலிருந்தாலும் முழுதாக இறுக மூன்று நான்கு வாரம் ஆகும். அதுவரை ஈரத்துணிகூட வேண்டாம், கதவை மெதுவாகச் சாத்த வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அந்த நாட்களைக் கடப்பதுதான் குடும்பத்துக்குச் சிரமமாக இருந்தது.

அடுத்த கத்திரியில் போய்ப் பார்த்தேன். அடுப்புப் பக்கத்துக் கதவுகளில் ஒட்டும் தன்மை இல்லை. பிளேடு, டேப் சோதனையில் எதுவும் வரவில்லை. எண்ணெய் தெறிப்பு சோப்புத் தண்ணீரில் போகிறது. மஞ்சள் உடனே துடைத்தால் போய்விடுகிறது. இரவு முழுக்க விட்டது ஒரு இடத்தில் லேசாக நிழலாக நின்றது. அலமாரியில் கறை திரும்ப வரவில்லை. மேற்குச் சுவரை ஒட்டிய பக்கத்தில் மட்டும் மெழுகு சற்று இளகியிருந்தது. உலர்ந்த துணியால் தேய்த்ததும் சரியானது.

குறை என்றால், பழைய வீட்டுக் கலவை அப்படியே இருக்கும் ஃப்ரிட்ஜ் பக்கக் கதவுகளில் அந்த நரநரப்பு கிளியர் கோட்டுக்கு அடியிலும் தெரிகிறது. சாய்வாக வெளிச்சம் விழும்போது கண்ணில் படுகிறது.

மாற்ற வேண்டியவை

இதே நிலையில் உள்ள வீட்டுக்கு இப்போது நான் சொல்வது: முதலில் அடுப்புக்கு மிக அருகில் உள்ள ஒரே ஒரு கதவைச் செய்து, நான்கு வாரம் சமைத்துப் பார்த்துவிட்டு மற்றவற்றைத் தொடுங்கள். பரண் கதவில் சோதனை செய்வதில் பயனில்லை, அங்கே எதுவும் நிற்கும்.

வீட்டில் கலக்கத்தான் வேண்டும் என்றால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை விட்டுவிட்டு, மாவாகச் சலித்த கால்சியம் கார்பனேட் பொடியைப் பயன்படுத்தலாம். அது இறுகாது, கட்டி தட்டாது. பொடி மிகுந்தால் பிடிப்பு குறையும் என்பது அதற்கும் பொருந்தும். பொடியைக் கலக்கும்போது முகக்கவசம் தேவை. கதவுகளுக்கு இதைப் பயன்படுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அலமாரிக்கும் ஸ்டூலுக்கும் சரி.

குழந்தை இருக்கும் வீட்டில் எந்தப் பழைய எனாமலையும் தொடுவதற்கு முன் ஈயத்தைப் பற்றிப் பேசிவிட வேண்டும். இந்தக் குடும்பம் மார்கழியில் அதைத் தேய்க்காமல் விட்டது தற்செயல். அன்றைக்கு வீடியோ தேய்க்கச் சொல்லியிருந்தால் தேய்த்திருப்பார்கள்.

கைப்பிடியைச் சுற்றிய இடம்தான் முதலில் தேயும். கிளியர் கோட் டப்பாவில் மீந்ததைக் காற்றுப்புகாமல் மூடி, வாங்கிய தேதி எழுதி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பொங்கலுக்கு முன்பும் அந்த இடங்களில் தண்ணீர் சொட்டு வைத்துப் பார்ப்பார்கள். சொட்டு உள்ளே இறங்கினால் சோப்புத் தண்ணீரில் பிசுக்கெடுத்து, காயவைத்து, அங்கே மட்டும் ஒரு கோட்டு.